அறிவியல் அவையுரையில் முறையின் வைப்பு: நன்னூற் பாயிர நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஆய்வாளர் ஒருவர் தாம் கண்டறிந்ததைக் கட்டுரையாக எழுதி முடித்த பின்னும் அவர் பணி முடிவதில்லை. உடன் ஆய்வோர் கூடிய கருத்தரங்கிலும், மதிப்பீட்டுக் குழுவின் முன்னும், முடிவெடுக்கும் அதிகாரிகளிடத்தும் அதனை வாய்மொழியாக எடுத்துரைக்க வேண்டியுள்ளது. பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ, ஸ்லைடு எனப்படும் படவில்லைகளின் துணையோடும், சில வேளைகளில் சோதனைக் கருவிகளின் துணையோடும் நிகழ்த்தப்பெறும் இத்தகைய உரையை இக்கட்டுரை 'அறிவியல் அவையுரை' என்று வழங்குகிறது.

அவையுரை குறித்த கையேடுகள் பலவும் எழுத்தின் அளவு, நிறப்பொருத்தம், குரலின் ஏற்றத்தாழ்வு, அவையோரை நோக்கிப் பேசுதல் முதலியவற்றை விரித்துரைக்கின்றன. இவை வேண்டுவனவே. எனினும் உண்மை வேறு, அதனை அடுக்கிக் காட்டும் முறை வேறு என்னும் எண்ணம் அவ்வறிவுரைகளின் அடியில் கிடக்கிறது. பொருள் சரியாக இருப்பின் வடிவக் குறை பொறுக்கத்தக்கது என்று ஆய்வுலகில் பலரும் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையுடையது என்பதும், அறிவியல் அவையுரையில் வைப்புமுறை பொருளின் ஒரு பகுதியாகவே நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

இக்கருதுகோளை நிறுவ மூன்று நிகழ்வுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 2003ஆம் ஆண்டு கொலம்பியா விண்ணோடம் அழிவதற்குச் சில நாள்கள் முன்னர்க் காட்டப்பட்ட ஒரு படவில்லை, 1986ஆம் ஆண்டின் சேலஞ்சர் விபத்தை ஒட்டி நிகழ்ந்த இரு அவையுரைகள், 1968இல் சர் சி.வி. இராமன் அகமதாபாத்தில் ஆற்றிய உரை என்பன அவை. இவற்றை மதிப்பிடும் அளவுகோலாக நன்னூலின் பொதுப்பாயிரம் கொள்ளப்படுகிறது.

அளவுகோலின் பொருத்தம்

கி.பி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஐந்து செய்திகளைக் கூறுகிறது. நூலினது இயல்பு, ஆசிரியனது இயல்பு, பாடம் சொல்லுதலின் இயல்பு, மாணாக்கனது இயல்பு, பாடம் கேட்டலின் இயல்பு என்பன அவை. நூலியல்பைக் கூறுமிடத்தில் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் முப்பத்திரண்டு உத்திகளும் இடம்பெறுகின்றன. குற்றம், உத்தி ஆகியவற்றைத் தொல்காப்பிய மரபியலும் முன்னரே கூறியுள்ளது.

நூலுக்கு உரைத்த குற்றங்களையும் அழகுகளையும் வாய்மொழி உரைக்கு ஏற்றிக் காண்பது பொருந்துமா என்ற வினா இங்கு எழலாம். பாயிரத்தின் அமைப்பே இதற்கு விடையளிக்கிறது. நூல், அதனைச் சொல்வோன், சொல்லும் முறை, கேட்போன், கேட்கும் முறை ஆகிய ஐந்தையும் ஒரே தொடர்ச்சியாக அது வைத்துள்ளது. ஏட்டில் இருந்த நூல் ஆசிரியன் வாய்வழியே மாணாக்கனைச் சென்றடைந்த காலத்தின் கோட்பாடு இது. எழுதிய பொருளொன்றைத் திரையில் காட்டி, அதனை வாயால் விளக்கி, எதிரில் இருப்போர் மனத்தில் பதிக்க முயலும் அறிவியல் அவையுரைக்கும் இவ்வைந்து கூறுகளும் உண்டு. ஆகவே, நூலை மட்டும் நோக்கும் திறனாய்வு முறைகளைவிட இப்பாயிரம் அவையுரை ஆய்வுக்கு நெருங்கிய கருவியாகிறது.

ஒரு படவில்லையின் பாடம்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏழு பேருடன் ஏவப்பட்டது. அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அவர்களுள் ஒருவர். ஏவப்பட்டுச் சுமார் 82 விநாடிகள் கழிந்த நிலையில், வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த வெப்பக்காப்பு நுரைத்துண்டு ஒன்று ஓடத்தின் இடச்சிறகில் மோதியது. மோதல் ஒளிப்பதிவில் தெரிந்தது. விளைந்த சேதம் தெரியவில்லை. ஓடம் வானில் சுற்றிக்கொண்டிருந்தபோதே போயிங் நிறுவனப் பொறியாளர்கள் சேதத்தின் அளவைக் கணித்து, படவில்லைகளாக அமைத்து நாசா அதிகாரிகளிடம் எடுத்துரைத்தனர். ஓடம் பாதுகாப்பாகத் திரும்பும் என்ற முடிவுக்கு அதிகாரிகள் வந்தனர். பிப்ரவரி 1 அன்று வளிமண்டலத்துள் மீண்டும் நுழைந்தபோது கொலம்பியா சிதறியது, எழுவரும் உயிரிழந்தனர்.

விபத்தை ஆராய்ந்த வாரியம் 2003 ஆகஸ்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. அப்படவில்லைகளுள் ஒன்றைத் தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி பகுத்தாய்ந்தது அவ்வறிக்கையில் எடுத்தாளப்பட்டுள்ளது. பொறியியல் ஆய்வுரைகளுக்கு மாற்றாகப் படவில்லைகளையே பயன்படுத்தும் வழக்கம் நாசாவில் வேரூன்றியிருந்தமையையும் வாரியம் குறையாகச் சுட்டியது. ஒரு பக்க அளவே உள்ள அப்படவில்லையை ஓர் இலக்கியப் பனுவலை வாசிப்பது போல வாசித்தால் அதன் வைப்புமுறை புலனாகிறது.

படவில்லையின் தலைப்பு, ஓடத்தின் வெப்பத் தடுப்பு ஓடுகள் துளைக்கப்படுவது பற்றிய கணிப்பு முறை பாதுகாப்பின் பக்கமே சாய்ந்திருப்பதாகச் சோதனைத் தரவுகள் காட்டுகின்றன என்னும் கருத்தைப் பெரிய எழுத்தில் கூறுகிறது. அதாவது, கணிப்பு முறை சேதத்தை உள்ளதைவிட மிகுத்தே காட்டும். எனவே அஞ்ச வேண்டியதில்லை என்பது அதன் தொனி. தலைப்பின் கீழே கருத்துகள் ஒன்றனுள் ஒன்றாகப் பல படிநிலைகளில், எழுத்து சிறுத்துக்கொண்டே செல்லுமாறு அடுக்கப்பட்டுள்ளன. மென்மையான நுரை கடினமான ஓட்டைத் துளைக்க மிகுந்த ஆற்றல் வேண்டும் என்பது ஓரிடத்தில் வருகிறது. போதிய எடையும் விரைவும் இருப்பின் துளைக்கக்கூடும் என்பது அதற்குக் கீழே ஒரு படியில் ஒதுங்கி நிற்கிறது. கடைசியாக, இப்பயணத்தின் நிலை சோதனைத் தரவுகளின் எல்லைக்கு வெளியே உள்ளது என்றும், மோதிய துண்டுக்குரிய பகுதியின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம் என்றும் அடியில் எழுதப்பட்டுள்ளது.

1920ஐ 3ஆல் வகுத்தால் 640 கிடைக்கிறது. அரைக் குவளைத் தேநீர் அளவுள்ள ஒரு துண்டை வைத்துச் செய்த சோதனை, இரண்டு வாளித் தண்ணீர் அளவுள்ள ஒரு துண்டுக்குப் பொருந்துமா என்பதே அந்த அவையின் முன் இருந்த ஒரே வினா. பொருந்தும் என்று சொல்லச் சான்றில்லை என்பதே நேர்மையான விடை. அவ்விடை படவில்லையில் இருந்தது. ஆனால் கடைசி அடியில், சிறிய எழுத்தில், வகுத்துக் காட்டப்படாத இரு எண்களாக இருந்தது.

இதில் பொய் எதுவும் கூறப்படவில்லை. கணிப்பு முறை மிகுத்துக் காட்டியது உண்மை. சோதனை எல்லை மீறப்பட்டதும் உண்மை. ஆயினும் இரண்டாம் உண்மை முதல் உண்மையைச் செல்லாததாக்குகிறது. தலைமை பெற வேண்டிய கருத்து அடியிலும், அதனால் தள்ளுபடியாக வேண்டிய கருத்து முடியிலும் வைக்கப்பட்டதால், உண்மைகளின் கூட்டு ஒரு பொய்யான முடிவைத் தந்தது. நன்னூலார் அழகுகளுள் ஒன்றாக 'முறையின் வைப்பு' என்பதையும், குற்றங்களுள் ஒன்றாக 'மயங்க வைத்தல்' என்பதையும் கூறுகிறார். இரண்டிலும் 'வைத்தல்' என்னும் வினையே அடிப்படையாக இருப்பது நோக்கத்தக்கது. சொல்லிய பொருள் சரியா என்பதோடு, வைத்த இடம் சரியா என்பதையும் மரபு கேட்டது. கொலம்பியா படவில்லை முதல் வினாவில் பெரும்பாலும் தேறி, இரண்டாம் வினாவில் தோற்றது.

வேறு குற்றங்களும் இதில் உண்டு. 'குறிப்பிடத்தக்க' என்று தமிழில் பெயர்க்கக்கூடிய ஒரே சொல் அச்சிறு பரப்பில் ஐந்து இடங்களில் வருகிறது என்பதை டஃப்டி எடுத்துக்காட்டுகிறார். ஓரிடத்தில் அது அளந்தறியக்கூடிய சிறு வேறுபாட்டைக் குறிக்கிறது. ஓரிடத்தில் உயிர்களைப் பறிக்கவல்ல சேதத்தைக் குறிக்கிறது. ஓரிடத்தில் 640 மடங்கு வேறுபாட்டைக் குறிக்கிறது. எவ்வளவு என்று சொல்ல வேண்டிய இடத்தில் எவ்வளவு என்று சொல்லாமலேயே சொன்னதாகக் காட்டும் சொல் அது. 'குறிப்பிடத்தக்கது' என்னும் முடிப்பைப் பத்திக்கு ஒருமுறை எழுதும் தமிழ் ஆய்வாளர்களாகிய நாம் இவ்விடத்தில் பிறரை மட்டும் குறை கூற இயலாது.

மேலும், துண்டு மோதிய இடம் ஓடுகள் பதித்த அடிப்பகுதியன்று, வலுவூட்டப்பட்ட கரிமப்பொருளால் ஆன சிறகின் முன்விளிம்பு என்ற முடிவுக்குப் பின்னர் வாரியம் வந்தது. 2003 ஜூலையில் டெக்சாஸில் நடத்தப்பட்ட சோதனையில் நுரைத்துண்டு அவ்விளிம்புத் தகட்டில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலமுள்ள துளையை உண்டாக்கியது. ஆய்வு செய்யப்படாத பகுதி எது என்பதை அப்படவில்லை வெளிப்படக் கூறவில்லை. இது 'குன்றக் கூறல்' என்னும் முதற் குற்றத்தின்பாற் படும்.

சொல்வோன் குற்றமும் கேட்போன் குற்றமும்

அழிவுக்கெல்லாம் படவில்லையே காரணம் என்று முடிப்பது எளிது. அவ்வாறு முடிப்பது நேர்மையாகாது. இதனை விளக்கச் சேலஞ்சர் நிகழ்வு துணை செய்கிறது.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் ஏவப்பட்டு 73 விநாடிகளில் எழுவருடன் அழிந்தது. அதற்கு முந்திய இரவு, திண்ம எரிபொருள் உந்துகலத்தைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனப் பொறியாளர்கள் தொலைபேசிவழிக் கூட்டத்தில், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் நெகிழ்வை இழக்கும் என்று எச்சரித்தனர். 53 பாரன்ஹீட் அளவுக்குக் கீழ் ஏவ வேண்டாம் என்பது அவர்கள் முதலில் அளித்த பரிந்துரை. சில மணி நேரத்தில் ஆயத்தம் செய்த 13 விளக்கத் தாள்கள் அவர்களிடம் இருந்தன. நாசா அதிகாரிகள் மறுத்துப் பேசியதும், நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கலந்து அப்பரிந்துரையை மாற்றினர்.

இப்பதின்மூன்று தாள்களையும் டஃப்டி தம் 1997ஆம் ஆண்டு நூலொன்றில் கடுமையாகக் குறை கூறினார். அதுவரை நடந்த ஏவல்கள் அனைத்தின் வெப்பநிலையையும் வளையச் சேதத்தையும் ஒரே வரைபடத்தில் காட்டியிருப்பின் ஆபத்து வெளிப்பட்டிருக்கும் என்பது அவர் வாதம். ரோஜர் போய்ஜாலி என்னும் அப்பொறியாளர் உள்ளிட்டோர் 2002இல் இதனை மறுத்து எழுதினர். டஃப்டி வரைந்த படம் சூழல் வெப்பநிலையையும் வளையத்தின் வெப்பநிலையையும் கலந்துவிட்டது என்றும், அவர் வேண்டும் தரவுகள் அனைத்தும் அன்றிரவு தம் கையில் இல்லை என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினர். தம் பரிந்துரை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட்டது. கேட்டவர்கள் அதனை ஏற்கவில்லை என்பது அம்மறுப்பின் உள்ளீடு.

இவ்விவாதத்தில் பொறியாளர் தரப்புக்கு வலுவிருக்கிறது. டஃப்டியின் திறனாய்வு நூலியல்பையும் சொல்வோன் இயல்பையும் ஆராய்கிறது. கேட்போன் இயல்பை ஏறக்குறைய விட்டுவிடுகிறது. நன்னூற் பாயிரம் இங்கு அவரினும் ஒருபடி மேற்செல்கிறது. மாணாக்கரை அது தலை, இடை, கடை என வகுத்து, அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய எட்டு உவமைகளால் விளக்குகிறது. நெய்யரி என்பது நெய்யை வடிகட்டும் கருவி. அது நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். 'பாதுகாப்பானது' என்று காட்ட வல்ல சொல்லை நிறுத்திக்கொண்டு, 'தெரியாது' என்ற சொல்லை ஒழுகவிட்ட அவைகளுக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. கொலம்பியா நிகழ்விலும், வானில் இருந்த ஓடத்தின் சிறகைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்ற பொறியாளர்களின் வேண்டுகோள் நிறைவேற்றப்படவில்லை என்பதை இதனோடு சேர்த்துக் காண வேண்டும்.

ஆகவே, நல்ல அவையுரை அதிகாரத்தின் செவியைத் திறந்துவிடும் என்று உறுதி கூற இயலாது. ஆயின், 'நாங்கள் கேட்கவில்லை' என்று பின்னர்ச் சொல்ல அதிகாரத்துக்கு இடமளிக்காதிருக்க அதனால் இயலும். கொலம்பியா படவில்லை அந்த இடத்தை அளித்தது. சேலஞ்சர் பொறியாளர்களின் பரிந்துரை அளிக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அறம் சார்ந்த வேறுபாடாகும்.

பனிநீர்க் குவளை

சேலஞ்சர் விசாரணைக் குழுவில் இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன் உறுப்பினராக இருந்தார். 1986 பிப்ரவரி 11 அன்று தொலைக்காட்சி ஒளிப்பதிவுக் கருவிகள் முன் நடந்த அமர்வில், வளையப் பொருளின் துண்டு ஒன்றைப் பற்றுக்கருவியில் இறுக்கிப் பனிக்கட்டி இட்ட நீரில் அமிழ்த்தினார். பின்னர் வெளியே எடுத்துப் பிடியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. அதனை அவையோர்க்குக் காட்டிச் சில வாக்கியங்களே பேசினார்.

'சுருங்கச் சொல்லல்', 'விளங்க வைத்தல்', 'விளங்கு உதாரணத்தது ஆகுதல்' என்னும் மூன்று அழகுகளும் ஒருங்கே அமைந்த நிகழ்வு இது. எனினும் இதனை வியப்பதோடு நிறுத்திவிடுதல் கூடாது. ஒரு குவளை நீரில் செய்த காட்சி முழுமையான நிறுவல் ஆகாது; விரிவான சோதனைகளே அதற்குச் சான்றாகும். மேலும், ஃபெயின்மன் காட்டிய உண்மை புதியதன்று. ஜனவரி 27 இரவு பொறியாளர்கள் சொன்னதும் அதுவே. இடையில் கடந்தவை 15 நாள்கள். உண்மை மாறவில்லை, சொல்லும் முறையும் கேட்கும் அவையும் மாறின. முதல் அவையில் கால நெருக்கடியும் வணிக நெருக்கடியும் இருந்தன. இரண்டாம் அவையில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. காலத்தையும் இடத்தையும் நன்கு நோக்கிப் பாடம் சொல்ல வேண்டும் என்று பாயிரம் விதிப்பதன் ஆழம் இங்கு விளங்குகிறது.

வினாவை முன்வைக்கும் வைப்பு

இதுவரை கண்டவை முடிவெடுக்கும் அவைகள். கற்கும் அவையில் முறையின் வைப்பு வேறு வடிவம் கொள்கிறது. 1968 டிசம்பர் 22 அன்று அகமதாபாத்தில், விக்ரம் சாராபாய் நிறுவிய சமுதாய அறிவியல் மையத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் சி.வி. இராமன் வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பது பற்றி உரையாற்றினார். ஒளிச்சிதறலில் நோபல் பரிசு பெற்ற அறிஞர் பேசும் பொருள் இது. சிதறல் விதியைக் கூறி ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை.

எல்லோரும் நாள்தோறும் கண்டும் வினவாது விட்ட காட்சி ஒன்றை அவையின் முன் வினாவாக வைக்கிறார். ஒரு வினாவிலிருந்து மற்றொரு வினாவுக்குச் செல்கிறார். நிலவொளியும் கதிரவன் ஒளியே ஆயின், நிலவு காயும் இரவில் வானம் நீலமாகத் தோன்றாதது ஏன் என்பது அவற்றுள் ஒன்று. நிறத்தைக் கண் உணர்வதற்குப் போதிய ஒளிச்செறிவு வேண்டும் என்ற உண்மை அவ்வினாவின் வழியே வெளிப்படுகிறது. வானின் நீலம் வளியில் மட்டும் இல்லை, காணும் கண்ணிலும் இருக்கிறது என்பதைக் கேட்போர் தாமே கண்டறிந்தது போல உணர்கின்றனர். அறிவியல் என்பது விடைகளின் தொகுப்பு என்பதைவிட, கண்முன் உள்ளதை வினவும் பழக்கம் என்பதை அவ்வுரையின் அமைப்பே கற்பிக்கிறது.

இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி மைக்கேல் ஃபாரடே இளையோர்க்கு நிகழ்த்திய மெழுகுவத்தி பற்றிய ஆறு உரைகளும் இத்தகையன. கையில் உள்ள ஒரு மெழுகுவத்தியில் தொடங்கி, எரிதலின் வேதியியல் வழியாக, மனிதன் மூச்சுவிடுதலும் ஒருவகை எரிதலே என்னும் இடத்தில் அவை முடிகின்றன. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் ஒழுங்கு இரு அறிஞர்க்கும் பொதுவாக உள்ளது.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றலாம். கொலம்பியா பொறியாளர்கள் முடிவை முதலில் சொல்லாதது குற்றம் என்றோம்; இராமன் முடிவைப் பின்னுக்கு வைத்தது அழகு என்கிறோம். கேட்போனை நோக்கினால் முரண் நீங்கும். முடிவெடுக்க அமர்ந்துள்ள அவைக்கு வேண்டுவது முடிபும் அதன் எல்லையும். கற்க வந்துள்ள அவைக்கு வேண்டுவது முடிபை அடையும் வழி. கேட்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு கொடுக்க வேண்டும் என்று பாயிரம் கூறும் ஈதலியல்பின் கருத்து இதுவே. திருவள்ளுவர் 'அவை அறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதன்பின் 'அவை அஞ்சாமை'யை வைத்திருப்பதும் இவ்வகையில் எண்ணத்தக்கது. அச்சத்தைப் போக்கிக்கொள்வது இரண்டாவது. அவையை அறிவது முதலாவது. இக்காலப் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் இவ்வரிசையை மாற்றிவிடுகின்றன.

தலைப்பும் பயனிலையும்

படவில்லை அமைப்பில் அண்மைக்காலத்தில் செல்வாக்குப் பெற்ற சீர்திருத்தம் மைக்கேல் ஆலியுடையது. 2003இல் வெளிவந்த அறிவியல் அவையுரை பற்றிய தம் நூலிலும் பின்னர் எழுதியவற்றிலும், தலைப்பைத் தொடராக விடாமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்றும், அதன்கீழ்ப் புள்ளியிட்ட பட்டியலுக்கு மாற்றாகப் படச்சான்று வைக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

இலக்கண நோக்கில் இது பொருளுடைய அறிவுரை. 'சங்க இலக்கியத்தில் நெய்தல்' என்ற தலைப்பில் பயனிலை இல்லை. பயனிலை இல்லாத இடத்தில் உடன்பாடோ எதிர்மறையோ, துணிவோ ஐயமோ இல்லை. ஆகவே மறுப்பதற்கும் ஒன்றும் இல்லை. புள்ளியிட்ட பட்டியல்கள் ஆய்வாளனைப் பயனிலையிலிருந்து தப்புவிக்கின்றன. முழு வாக்கியம் எழுதுவோன் எதையேனும் துணிந்து கூறியாக வேண்டும்.

ஆயினும் இச்சீர்திருத்தம் மட்டும் போதாது என்பதற்குக் கொலம்பியா படவில்லையே சான்றாகிறது. அதன் தலைப்பு முழு வாக்கியந்தான். எழுவாயும் பயனிலையும் அதில் இருந்தன. தவறான முடிபு தலைப்பில் நின்றதால், வாக்கிய வடிவம் அதன் வலிமையைக் கூட்டவே செய்தது. எழுவாயும் மனிதராக இல்லை. தரவுகள் 'காட்டுகின்றன' என்றிருந்ததே ஒழிய, யார் காட்டுகின்றனர், எவ்வளவு உறுதியாகக் காட்டுகின்றனர் என்பது அதில் இல்லை. எனவே தலைப்பு வாக்கியமாதல் வேண்டும் என்ற விதியோடு, அவ்வாக்கியத்தைச் செல்லாததாக்கும் வரம்பு ஏதேனும் உண்டெனில் அது தலைப்புக்கு இணையான எழுத்தில், அதே பார்வைப் பரப்பில் நிற்க வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட வேண்டும். இது இக்கட்டுரை முன்வைக்கும் திருத்தமாகும்.

வழங்கும் முறை

வைப்புமுறைக்கு அடுத்தது வழங்கும் முறை. சொல்ல வேண்டிய பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுதல், விரையாமை, வெகுளாமை, விருப்பத்தோடும் முகமலர்ச்சியோடும் உரைத்தல் ஆகியவற்றைப் பாயிரம் வேண்டுகிறது. பொருளை உள்ளத்தில் அமைக்காதவரே திரையை நோக்கித் திரும்பி எழுத்தெழுத்தாகப் படிக்கிறார். அவையோர் கண்ணால் படித்ததை அவர் வாயால் படிப்பது 'கூறியது கூறல்' ஆகிறது. விரையாமை கால அளவோடு தொடர்புடையது. ஃபாரடே தம் இளமையில், 1813இல், நண்பர் அபட்டுக்கு எழுதிய கடிதங்களில் அறையின் காற்றோட்டம், கருவிகளின் அமைப்பு, உரைப்போனின் நடத்தை ஆகியவற்றோடு, உரை ஒரு மணி நேரத்தைக் கடக்கலாகாது என்பதையும் எழுதினார். வெகுளாமையின் தேவை வினாநேரத்தில் வெளிப்படும். வினாவைத் தாக்குதலாகக் கொள்பவர் அவையின் ஐயத்தைத் தீர்க்காமல் தம் மதிப்பையே காக்க முற்படுகிறார்.

இதனை எழுதுபவனுக்கும் இப்படிப்பினை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் 15 நிமிட உரைக்கு 34 படவில்லைகளுடன் சென்றேன். ஆய்வு வரலாறு, முன்னோர் கருத்து, சொல்லடைவுப் பட்டியல் என்று சென்றுகொண்டிருக்கையில் மணி ஒலித்தது. நான் புதிதாகக் கண்டது 31ஆம் படவில்லையில் இருந்தது. அவைத்தலைவர் நன்றி கூறி என்னை அமரச் செய்தார். முன்வரிசையில் இருந்த இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தேநீர் இடைவேளையில் வந்து, "நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். 'சென்று தேய்ந்து இறுதல்' என்ற குற்றத்தை மாணவர்க்குப் பலமுறை பாடம் சொன்ன எனக்கு அதன் பொருள் அன்றுதான் முழுமையாக விளங்கிற்று.

தமிழ் ஆய்வரங்கில் கடைசி அடியில் வைத்த உண்மையால் யாரும் உயிரிழப்பதில்லை. ஆயினும் ஓராய்வாளன் ஐந்தாண்டு உழைத்துக் கண்டது அவையைச் சென்றடையாமல் போவதும் இழப்பே. வெளிமாநிலங்களில் இயங்கும் தமிழ்த்துறைகளில், தமிழறியாத பிறதுறை அறிஞர் முன் நம் ஆய்வுகளை எடுத்துரைக்கும் வாய்ப்புகள் மிகச் சிலவே அமைகின்றன. அங்கு மயங்க வைத்தால், மயங்கியது நம் உரையே என்று எவரும் கருதார். தமிழாய்வில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றே கருதுவர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

அறிவியல் அவையுரையில் உண்மைகளை வைக்கும் இடம் அவற்றின் பொருளை மாற்றவல்லது. உண்மையான கூற்றுகளே தவறான வரிசையில் நின்று பொய்யான முடிவைத் தரும் என்பதற்குக் கொலம்பியா படவில்லை சான்றாகிறது.

வைப்புமுறை ஒன்றே என்பதில்லை. முடிவெடுக்கும் அவைக்கு முடிபும் அதன் வரம்பும் முதலில் வரவேண்டும்; கற்கும் அவைக்கு வினா முதலில் வரவேண்டும். எதை முதலில் வைப்பது என்பதை அவையறிதலே தீர்மானிக்கிறது.

அவையுரையின் தோல்வி முழுவதையும் சொல்வோன் மீதோ பவர்பாயிண்ட் போன்ற கருவியின் மீதோ சுமத்துதல் தகாது. கேட்போன் இயல்பையும் சேர்த்து ஆராயும் நன்னூற் பாயிரம், இவ்வகையில் இக்காலத் திறனாய்வுகள் விட்டுவிட்ட இடத்தை நிரப்பவல்லது.

ஆய்வியல் நெறிமுறைப் பாடத்தில் கட்டுரை எழுதும் முறையை மட்டும் கற்பிக்கும் நம் துறைகள், அவையுரை அமைக்கும் முறையையும் இப்பாயிரத்தின் துணையோடு கற்பிக்கலாம். பத்துக் குற்றங்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் மாணவர், தாம் அமைத்த படவில்லை ஒன்றை எடுத்து, அதன் கடைசி அடியில் கிடப்பது தலைப்பில் நிற்க வேண்டியதா என்று தமக்குள் வினவிப் பார்க்கும் நாளில், அந்நூற்பா தேர்வுத்தாளைக் கடந்து பயன்படத் தொடங்கும்.